பன்னிரண்டுக்கு எட்டுக்குள் அடங்காத படம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதம். ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில் இருக்கிற எங்கள் வீட்டில் மகளின் சாமத்திய வீடு, அவள் பெரியபிள்ளையான சடங்கு, நடந்து முடிந்த கிழமை. சடங்கில் ஒரு குறையும் இல்லை. பந்தல்காரர் நேரத்துக்கு வந்தார், மழை வரவில்லை, யானையும் வரவில்லை. எனக்குத் தலையிடி பிடித்தது அதற்குப் பிறகு, ஒரேயொரு படத்தைத் தாளில் அடிக்கப் போனபோதுதான்.

நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் விகிதம் படிப்பிக்கிறவள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இது பரவாயில்லை.

என் கணவரோடு பிறந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் வெளிநாட்டில், ஆளுக்கொரு நாட்டில். நான்காவது, எல்லாருக்கும் மூத்த அக்கா, என் பெரிய மச்சாள். அடுத்த காணியில் தனியாக இருக்கிறார். தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட, தம்பி தங்கச்சிமாரை ஆளாக்கி விட்டவர் அவர்தான். அவருடைய கணவர் போரின் கடைசி இடம்பெயர்வில் காணாமல் போனவர். இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மச்சாள் இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். ஆனால் நல்ல காரியம் ஏதும் என்றால் யாரும் சொல்லாமலே பின்னுக்குப் போய்விடுவார். மகளின் சடங்கிலும் அப்படித்தான். ஆலாத்தி எடுக்கிற நேரம் பார்த்து, கறி அடிப்பிடிக்குது என்று சொல்லிக் குசினிக்குள் போனவர் பிறகு வெளியே வரவே இல்லை.

பின்னேரம் சனம் எல்லாம் கலைந்த பிறகுதான் அந்தப் படம் எடுக்கப்பட்டது. கூலிக்குப் பிடித்த படப்பிடிப்பாளர் புகை அடித்து, பூத் தூவி, ஆகாயத்தில் இருந்தும் எடுத்து, ஆயிரம் படங்களோடு வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய அல்பம் வர மாதக்கணக்காகும். அப்போதுதான் கணவரின் கடைசித் தம்பி, கனடாவில் இருந்து வந்தவர், அவரை நான் சின்ன மச்சான் என்பேன், "நாங்கள் ஐஞ்சு பேரும் ஒண்டா நிண்டு ஒரு படம் இல்லை" என்று சொல்லி எல்லாரையும் முற்றத்துக்கு இழுத்தார். பதினைந்து வருடங்களுக்கு மேல் அவர்கள் ஐந்து பேரும் ஒரே முற்றத்தில் நிற்கவில்லை. நாங்கள், பிள்ளைகள், மருமக்கள் என்று பதினாறு பேர் நீளத்துக்கு நின்றோம். போனை யாரோ ஒருவர் கையில் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். யார் எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை, மகளின் சேலை மடிப்பு கலைந்திருந்தது, அதைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன்.

படம் அற்புதமாக வந்திருந்தது. அதுதான் வினையாய்ப் போனது. படத்தை ஆளுக்கொன்று பிரேம் போட்டுக் கொண்டுபோக வேண்டும் என்று மூன்று பேரும் நின்றார்கள். சனிக்கிழமை விடிய வான் வந்து அவர்களைக் கொழும்புக்கு ஏற்றும். பொறுப்பு யாருக்கு? பள்ளி விடுமுறையில் வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு. அப்படித்தான் என் கணவர் சொன்னார். ஒரு சாமத்திய வீட்டை நடத்தி முடித்து, இரவல் சட்டி பானையை ஊர் முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் சும்மா இருக்கிறாளாம்.

அவரும் சும்மா இருக்கவில்லை. வவுனியாவுக்கு வேறு அலுவலாகப் போனவர், எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் ஐந்து பிரேம்களை வாங்கிக்கொண்டு வந்து கதிரையில் அடுக்கினார். தங்க நிறக் கரை, கண்ணாடி, எல்லாம் வடிவுதான். அளவு பன்னிரண்டுக்கு எட்டு.

"படத்தின்ரை அளவு என்னெண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"படம் போனுக்குள்ளைதானே கிடக்கு. எந்த அளவிலையும் அடிக்கலாம்" என்றார்.

காலை அளக்காமல் செருப்பு வாங்கிய கதைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் அது உறைக்கவில்லை. விகிதம் படிப்பிக்கிற எனக்கும்.

செவ்வாய்க்கிழமை படத்தை வட்ஸ்அப்பில் ஸ்ரூடியோவுக்கு அனுப்பினேன். முல்லைத்தீவு டவுனில் இருக்கிற ஸ்ரூடியோ. நடத்துகிறவரை, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் இங்கிருந்து புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கே தொழில் பழகி, திரும்பி வந்து கடை போட்டவர். பத்து நிமிடத்தில் பதில் அனுப்பினார். வட்ஸ்அப்பில் வந்த படம் சிறுத்துப் போச்சு, பெரிசா அடிச்சால் முகமெல்லாம் மாப் பிசைஞ்ச மாதிரி இருக்கும், முதல் எடுத்த படத்தையே கொண்டு வாங்கோ என்றார். முதல் எடுத்த படம் சின்ன மச்சானின் போனில். சின்ன மச்சான் கனடா நேரப்படி பகலில் நித்திரை. எழுப்பினால் போனின் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கிறார். படத்தை எப்படிக் கம்பி போட்டு இறக்குவது என்று கேட்டால் குறட்டைதான். கடைசியில் மகள்தான் ஒரு பென்ட்ரைவில் ஏற்றித் தந்தாள்.

புதன்கிழமை காலை பஸ் ஏறினேன். நானா படத்தைக் கொம்பியூட்டரில் திறந்தார். அதன் மேலே பன்னிரண்டுக்கு எட்டுத் தாளின் சட்டத்தை வைத்தார். பிறகு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, படம் நீட்டுப் படம். போன் திரை முழுக்க வாற மாதிரி எடுத்திருக்கினம். இந்தத் தாள் அவ்வளவு நீட்டு இல்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் பதினாறுக்கு ஒன்பது. பன்னிரண்டு அங்குல அகலத்துக்கு அடித்தால் உயரம் ஏழு அங்குலம்கூட வராது. எட்டு அங்குல உயரத்தை நிரப்பினால் அகலம் பதினாலைத் தாண்டும், இரண்டு அங்குலத்துக்கு மேல் வெளியே போகும். மனக்கணக்கில் ஒரு நொடி. இந்தக் கணக்கைத்தான் நான் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை வெருட்டுவது. பிரேம் வாங்க முதல் செய்யவேண்டிய கணக்கைப் பிரேம் ஐந்தும் வீட்டில் அடுக்கிக் கிடக்கும்போது செய்துகொண்டு நின்றேன்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. உலகத்தில் படம் எடுக்கிற பெட்டியைச் செய்கிறவன் ஒருவன், தாள் வெட்டுகிறவன் ஒருவன், பிரேம் செய்கிறவன் இன்னொருவன். மூன்று பேரும் ஒருநாளும் ஒருவரோடொருவர் கதைத்ததே இல்லைப் போல. ஆறுக்கு நாலு ஒரு வடிவம், எட்டுக்குப் பத்து இன்னொரு வடிவம், ஏ-நான்கு வேறொன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் நான், ஒரு பென்ட்ரைவும் கையுமாக.

நானா பொறுமையாக மூன்று வழி சொன்னார். முதலாவது, படத்தை இழுத்துத் தாளை நிரப்புவது. செய்து காட்டினார். பதினாறு பேரும் கமுகு மாதிரி நீண்டு போனோம். சின்ன மச்சானின் வண்டி காணாமல் போனது, அவருக்கு அது விருப்பமாக இருந்திருக்கும், ஆனால் மகளின் முகம் வாடல் கத்தரிக்காயாகத் தெரிந்தது. வேண்டாம் என்றேன். இரண்டாவது, முழுப் படத்தையும் வைத்து மேலேயும் கீழேயும் வெள்ளை விடுவது. மூன்றாவது, கரையில் வெட்டுவது.

வெள்ளை விடுவதைப் பற்றி யோசிக்கும்போதே கணவர் போனில் கூப்பிட்டார். விசயத்தைச் சொன்னேன்.

"வெள்ளை விட்டால் வடிவில்லை. அரைகுறையா அடிச்சுத் தந்த மாதிரி இருக்கும். தம்பியவை அங்கை கொண்டுபோய் நாலு பேருக்குக் காட்டிறதெல்லே."

எனக்கும் அதே எண்ணம்தான். எங்கள் பக்கத்தில் பிரேமுக்குள் வெள்ளை தெரிந்தால், படம் போதாமல் போய்விட்டது என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். வெட்டுவோம் என்று முடிவெடுத்தேன். எந்தக் கரையில் வெட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. இடப்பக்கக் கரையில் சின்ன மச்சான் குடும்பம், அவர்களுக்குப் பின்னால் எங்கள் புது விறாந்தை. வலப்பக்கத்தில் யானை முறித்த வேலி. அதற்கு முதல் மாதம் வந்து வாழையைத் தின்றுவிட்டு வேலியையும் உழக்கிவிட்டுப் போனது. கயிறு கட்டி, சத்தம் கேட்கட்டும் என்று வெறும் பால்மாத் தகரப் பேணிகளைத் தொங்கவிட்டிருந்தோம். வெளிநாட்டுக்குப் போகிற படத்தில் முறிந்த வேலியும் பேணியும் எதற்கு?

"வேலிப் பக்கம் வெட்டுங்கோ நானா" என்றேன்.

நானா சட்டத்தை இழுத்தார். பிறகு நின்றார். "தங்கச்சி, இந்தக் கரையிலை ஒரு ஆள் நிக்கிறா. பரவாயில்லையோ?"

எட்டிப் பார்த்தேன். மற்றவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, வேலியோரமாக, சாயம் போன வீட்டுச் சேலையில் ஒரு பெண். பக்கப்பாட்டில் திரும்பி நின்றார். இந்தப் போன்கள் கரையில் நிற்கிறவர்களை இழுத்துப் பருமனாக்கிவிடும் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். திரையில் தெரிந்தது ஒரு தடித்த பெண்ணின் பக்கவாட்டு. சமையலுக்கு உதவிக்கு வந்த அக்கா ஒருவர் அன்றைக்கு எங்களோடு இருந்தவர், அவரும் கொஞ்சம் பருமன்தான். வெளியே பஸ்காரன் ஹோன் அடிக்கத் தொடங்கிவிட்டான். அதை விட்டால் ஒட்டுசுட்டானுக்கு அடுத்த பஸ் எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"அது சமையலுக்கு வந்த ஆள். பரவாயில்லை, வெட்டுங்கோ."

இந்த வசனத்தை நான் சொன்னபடியே எழுதுகிறேன். இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

அன்று பின்னேரமே படங்களைப் பிரேமுக்குள் போட்டு எல்லாருக்கும் கொடுத்தேன். தாள் கரை முட்ட நிறைந்திருந்தது, ஒரு நூல் வெள்ளைகூட இல்லை. எனக்கே என்னில் ஒரு பெருமை. கூட்டமாக எடுத்த படம் கையில் வந்தால் ஆளாளுக்குத் தங்கள் முகத்தைத்தான் முதலில் தேடுவார்கள். சின்ன மச்சான், தன் மகன் கண்ணை மூடிவிட்டான் என்று குறைப்பட்டார். பிரான்சில் இருந்து வந்த மற்ற மச்சாள், தனக்கு நரை தெரிகிறது என்றார். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மச்சாளுக்கும் ஒன்று கொடுத்தேன். விளக்கடியில் பிடித்துக் கனநேரம் பார்த்தார். பிறகு, "நல்ல வடிவா இருக்கு பிள்ளை" என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை, அவருடைய பெரிய இடியப்பப் பானை ஒன்று எங்கள் வீட்டில் கிடந்ததைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மச்சாள் நிலத்தில் குந்தி இருந்து மா அரித்துக்கொண்டிருந்தார். முன் அறைச் சுவரில் படம் தொங்கியது. அந்தச் சுவரில் அதற்கு முதல் ஒரு கலண்டரைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. சும்மா நின்று பார்த்தேன். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி ஐந்து பேரும் என்று சொல்லி எடுத்த படம். எண்ணினேன். நான்கு பேர்தான். திரும்பவும் எண்ணினேன்.

"மச்சாள், இதிலை நீங்கள் எங்கை?"

அவர் எழும்பவில்லை. மாக் கையை நீட்டி, பிரேமுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, வெறும் சுவரைக் காட்டினார்.

"நான் அதிலை நிண்டனான்."

அவரே தொடர்ந்தார், அரிதட்டைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல்.

"நீ ஒண்டும் யோசிக்காதை பிள்ளை. எனக்கு விளங்கினது. பெட்டையின்ரை நல்ல காரியத்துப் படம், நாலு வீட்டுச் சுவரிலை தொங்கப்போற படம். நான் நிக்காததுதான் நல்லது. தம்பி கையிலை பிடிச்சு இழுத்தபடியால்தான் வந்தனான், இல்லாட்டி வந்திருக்கமாட்டன்."

அவர் என்னைப் பேசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். முகத்தைத் திருப்பியிருந்தாலும் பரவாயில்லை. நான் வேண்டுமென்றே, ராசி பார்த்து, அவரை வெட்டி எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு, அது சரிதான் என்று எனக்கே சமாதானம் சொல்கிறார். அதுவும் அந்தப் படத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு! எனக்குக் கோபம் வந்தது. அவரில் கோபம், என்னில் கோபம், பிரேம் வாங்கிய மனுசனில் கோபம், நீட்டுக்கு எடுக்கிற போனில் கோபம். உண்மையைச் சொல்லலாம் என்றால் என்ன சொல்வது? உங்களை வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்தேன் என்றா? பானையை வைத்துவிட்டு வெளிக்கிட்டேன். விடிந்தால் படங்கள் கடல் தாண்டிப் போய்விடும். மூன்று வீட்டுச் சுவரில் மச்சாள் இல்லாமல் அது தொங்கும், வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள், மச்சாளும் சாகும்வரை தன்னை நாங்கள் ஒதுக்கினோம் என்றே இருப்பார். இதை நினைத்துக்கொண்டு பஸ்சுக்கு நின்றேன். பஸ் வரவில்லை. கடைசியில் மணல் ஏற்றப் போன ஒரு உழவு இயந்திரத்தில் பாதி வழியும், பஸ்சில் மீதி வழியும் போனேன்.

நான் போய்ச் சேர, நானா கடைக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற நேரம். என் முகத்தைப் பார்த்ததும் கதவைத் திரும்பத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, இருங்கோ தங்கச்சி, தொழுதிட்டு வாறன் என்று சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "நான் கேட்டனான்தானே" என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. படத்தைத் திறந்து அந்தக் கரையைப் பெரிதாக்கினார்.

மச்சாளேதான். போன் இழுத்துத் தடிப்பாக்கியிருந்தாலும், பெரிதாக்கினால் முகம் தெளிவாக இருந்தது. ஒரு கையில் அகப்பை, அதைச் சேலைக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தார். எல்லாரும் போனைப் பார்க்க, அவர் மட்டும் வரிசையில் நிற்கிற தன் தம்பி தங்கச்சிமாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கப்பாட்டில் திரும்பி நின்றது அதனால்தான். வாய் நிறையச் சிரிப்பு. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருடங்களில் மச்சாளை அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அந்தச் சிரிப்பைத்தான் பால்மாப் பேணியோடு சேர்த்து வெட்டச் சொன்னேன்.

நானாவின் கடையில் இருந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன். அவர் ஒரு போத்தல் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளை விட்டு அடிப்பம் தங்கச்சி. தாள் அதே தாள், பிரேமும் அதே பிரேம். வெள்ளையிலை மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு போட்டு விடுறன். வேணுமெண்டு விட்ட மாதிரி வடிவா இருக்கும்."

அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. மேலே அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, கீழே அதே அளவு. அந்தத் துண்டு வெள்ளைக்குப் பயந்துதான் நான் ஒரு ஆளை வெட்டினேன்.

வீட்டுக்கு வந்து சேரப் பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. நேரே மச்சாளிடம் போனேன். சுவரில் இருந்த பிரேமைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திறக்க, அவர் பதறிக்கொண்டு வந்தார். புதுப் படத்தைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. இதைக் குடுத்து விடாதை. முந்தினதே இருக்கட்டும்."

"ஏன் வேண்டாம்?"

"உனக்குத் தெரியாதோ ஏனெண்டு?"

காலையில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மச்சாள், நான் உங்களை ராசி பாத்து வெட்டேல்லை! எனக்கு உங்களை அடையாளமே தெரியேல்லை! கரையிலை நிண்டது சமையலுக்கு வந்த அக்கா எண்டு நினைச்சு வெட்டச் சொன்னனான்! நான் ஒரு விசரி!"

சொன்ன பிறகு, இதைவிடச் சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மச்சாள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு திடீரெனச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அவள்தானேயடி படம் எடுத்தவள்! போன் அவளின்ரை கையிலை. அவள் எப்பிடிப் படத்துக்குள்ளை நிக்கிறது?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? எண்ணிக்கையும் பிழை, அளவும் பிழை, ஆளும் பிழை. ஒரு கணித ஆசிரியைக்கு ஒரு கிழமைக்கு இது போதும். ஆனால் மச்சாளின் சிரிப்பு நின்றபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, நான் நிக்கக் கூடாதெண்டு வெட்டேல்லையோ?"

"சத்தியமா இல்லை மச்சாள்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

சமையல்காரி என்று நினைத்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவருக்கு அது ஆறுதலாக இருந்தது! அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப்போல ஒரு தண்டனை எனக்குக் கிடைத்ததில்லை. அவர் பிறகு புதுப் படத்தை மடியில் வைத்து, தன்னைப் பார்த்து, நான் எப்ப இவ்வளவு கொழுத்தனான் என்று கேட்டார். போனின் குணத்தை விளங்கப்படுத்தினேன். நம்பவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் மற்ற நான்கு பிரேம்களிலும் படத்தை மாற்றினேன். ஏன் வெள்ளை விட்டிருக்கு என்று கணவர் கேட்டார். அக்காவைக் காட்டினேன். அவர் பிரேமை வாங்கி மற்றவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். பழைய படத்தில் அக்கா இல்லாததை அந்த வீட்டில் நான்கு சகோதரங்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. விடிய வான் வந்தபோது சின்ன மச்சான் பிரேமைப் பெட்டிக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

என் பிழைக்கு நான் பஸ்சையும் தாளையும் சாட்டலாம், கனநாள் அப்படித்தான் சாட்டினேன். ஆனால் ஒன்று எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. மச்சாள் அப்படி நினைத்தது ஒரு படத்தால் மட்டும் இல்லையே. ஆலாத்தி நேரத்தில் அவர் குசினிக்குள் போனபோது, மச்சாள் வாங்கோ, கறி கிடக்கட்டும் என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் மகளின் சடங்கு, என் வீடு. சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இந்த வருடம் தை மாதம் உறவுக்காரர் ஒருவரின் புதுவீட்டுக் குடிபூரல். எல்லாரும் படத்துக்கு வாங்கோ என்று கூப்பிட்டார்கள். மச்சாள் வழமைபோலக் கரைக்கு நடந்தார். நான் போய் அவருக்கும் அங்காலே நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு எனக்கு அங்காலே போனார். நான் திரும்ப அவருக்கு அங்காலே போனேன். இப்படியே இரண்டு பேரும் வாசல் படலை வரைக்கும் வந்துவிட்டோம். "அக்காமார், நீங்கள் படத்துக்கு நிக்கிறியளோ, வீட்டை போறியளோ?" என்று படம் எடுக்கிறவர் கத்தினார். சனம் சிரித்தது. நான் மச்சாளின் கையை இறுக்கிப் பிடித்து, இழுத்துக்கொண்டு வந்து எனக்கு உள்பக்கமாக நிறுத்தினேன். எந்த அளவுத் தாளில் அடித்தாலும் கரை என்று ஒன்று இருக்கத்தான் போகிறது, யாரோ ஒருவர் அதில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அது ஒவ்வொரு முறையும் மச்சாளாகவே இருக்கட்டும் என்று நாங்கள் எல்லாரும் வாய் திறக்காமல் ஒத்துக்கொண்டிருந்ததை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு என்னிலேயே கோபம் வருகிறது.